ஆடத் தெரிஞ்ச பிள்ளை, ஆசிரியை ஆகட்டும்

(தென்காசியில் நடந்த நம் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், கல்வித் துணைக்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு கடன் மனு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்று வந்த மனுக்களோடு அதுவும் ஒண்ணு. பீடி சுற்றிப் பிழைக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பரதநாட்டியத்தில் இளங்கலைப் பட்டம் முடித்திருக்கிறாள். அடுத்து சென்னையில் முதுகலை படித்து நடன ஆசிரியை ஆகணும் என்கிறாள். அதுக்குக் குழு உதவுமா என்று தாயார் கேட்டிருந்தார்.

மனுவை வாசித்ததும் கூட்டத்தில் ஒரே பேச்சு. "ஏ மதினி, ஆட்டம் படிக்கக் கடனா?" என்று ஒருத்தர். "படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?" என்று ஒருத்தர். "அவ்வளவு தூரத்துல பொம்பளப் பிள்ளைய எப்படித் தனியா விட?" என்று ஒருத்தர். "எவன் கட்டிக்கிடுவான்?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். அன்று முடிவு எடுக்காமல், விசாரித்து வந்து சொல்லுங்கள் என்று எங்கள் துணைக்குழுவிடம் பொறுப்பு கொடுத்தீர்கள். கேட்ட கேள்வி எல்லாம் நியாயமான கேள்விதான். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறோம். கடைசியில் எங்கள் பரிந்துரையையும் சொல்கிறோம். முடிவு உங்கள் கையில்.

ஆட்டம் நமக்குப் புதுசா?

சிவபெருமான் ஆடிய சபைகள் ஐந்து என்று சொல்வார்கள். சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் ரத்தின சபை. ஐந்தாவது நம் குற்றாலத்தில் இருக்கிற சித்திர சபை. மற்ற சபைகளில் சிலையாக நிற்கிற நடராஜர் இங்கே ஓவியமாக ஆடுகிறார். சீசனுக்கு வருகிற பல பேர் அருவியில் குளித்துவிட்டு அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். நம்மிலும் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம் என்று கேட்டால், கை தூக்க யோசிப்போம்.

இன்னொன்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்துக்காரர்தான் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டில் அவர் எழுதியது திருக்குற்றாலக் குறவஞ்சி. அது புத்தகத்தை விரித்து வாசித்துவிட்டு மூடி வைக்க எழுதினது இல்லை. பாடி ஆட எழுதினது. குற்றாலநாதர் மேல் ஆசைப்பட்ட வசந்தவல்லிக்கு மலைக்குறத்தி ஒருத்தி குறி சொல்ல வருகிறாள். அவள் யாருக்கும் கூச்சப்படுகிறவள் இல்லை. தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள், தான் போய்வந்த ஊர்களைச் சொல்கிறாள், தன் வித்தையைக் காட்டிப் பரிசு வாங்குகிறாள். கைத்தொழிலை நம்பி ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற ஒரு பெண்ணைத்தான் கவிராயர் அங்கே மேடையேற்றினார்.

1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் சென்னையில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். அங்கே தயாரான முதல் சில நாட்டிய நாடகங்களில் ஒன்று குற்றாலக் குறவஞ்சி, 1944இல் மேடையேறியது. நம்ம மலைக்குறத்தி சென்னை மேடைக்குப் போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம்ம பிள்ளை போகிறதற்குத்தான் இப்போது யோசித்துக்கொண்டு இருக்கிறோம்.

கேவலம் என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது?

கொடை விழாவில் கும்மி அடிக்கிறோம். கரகம் பார்க்கிறோம். அதே நேரம் வீட்டுப் பெண் சலங்கை கட்டுகிறேன் என்றால் "ஆட்டக்காரி" என்று ஒரு சொல் வந்து விழுகிறது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் பயம் போகும்.

இன்றைக்குப் பரதநாட்டியம் என்கிறதை முன்னே சதிர் என்றார்கள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடப்பட்ட பெண்களும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நட்டுவனார்களும்தான் தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றினார்கள். நாளடைவில் கோயில் வருமானமும் அரசர் ஆதரவும் குறைந்தது. பணக்காரர்களை அண்டிப் பிழைக்கிற நிலைமைக்கு அந்தப் பெண்கள் தள்ளப்பட்டார்கள். கலை ஒரு பக்கம், பெண்ணை விலைபேசுகிற கொடுமை ஒரு பக்கம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் அந்தச் சமூகத்தவர்தான். சட்டமன்றத்துக்குள் போன முத்துலட்சுமி, பொட்டுக் கட்டுகிற வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் அதைத் தடை செய்யும் சட்டம் வந்தது.

சட்டம் வந்தது நல்லது. ஆனால் ஒரு நியாயம் விட்டுப்போனது. காலங்காலமாக ஆடின பெண்கள் மேடையை இழந்தார்கள், பிழைப்பை இழந்தார்கள், பேரும் கெட்டது. அதே ஆட்டம் வேறு வீட்டுப் பெண்கள் ஆடும்போது கௌரவம் ஆனது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மயிலாப்பூர் கௌரி அம்மாள் போன்ற அந்தப் பழைய பரம்பரைக்காரர்களேதான். ருக்மிணி தேவிக்கும் அவர் ஆசிரியை. பாலசரஸ்வதிக்கும் அவர் ஆசிரியை. அந்தப் பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுத்தார். 1977இல் பத்ம விபூஷண் பெற்றார். சதிர் ஆடின விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு முதுமையில், 2022இல், பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ். வீட்டில் இடமில்லை, ஊரில் கேலி. தஞ்சாவூருக்குப் போய் கிட்டப்பா பிள்ளையிடம் பல வருஷம் குருகுலமாக இருந்து கற்றார். 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார். இன்று அவரே பலருக்குச் சொல்லிக் கொடுக்கும் குரு. அவர் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்குகூட நம் பிள்ளைகள் படத் தேவையில்லை, நாம் கூட நின்றால்.

ஆக, கேவலம் ஆட்டத்தில் இல்லை. ஆடின பெண்ணை நடத்தின விதத்தில் இருந்தது. அந்தப் பழியை இன்றைக்கு ஒரு பீடித் தொழிலாளி மகளின் தலையில் ஏற்றுவது சரியா? யோசியுங்கள்.

ஏற்கெனவே ஆடத் தெரியும், இன்னும் என்ன படிப்பு?

இதுதான் எங்களுக்கும் முதலில் வந்த கேள்வி. இளங்கலை முடித்துவிட்டாள், மேடையில் ஆடுகிறாள். இன்னும் இரண்டு வருஷம் எதற்கு?

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். நம்மில் பல பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பீடி சுற்றத் தெரியும். இலை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நுனி மடக்கி, நூல் கட்டி விடுவோம். ஆனால் புதுசாக வருகிற பிள்ளைக்கு ஏன் சரியாக வரவில்லை, விரல் எங்கே தப்பாகப் போகிறது என்று பார்த்துத் திருத்த எத்தனை பேருக்குத் தெரியும்? "இப்படித்தான், என்னைப் பார்த்துச் செய்" என்போம். அதற்கு மேல் சொல்லத் தெரியாது. செய்வது ஒரு வித்தை, சொல்லிக் கொடுப்பது தனி வித்தை.

இது நம் முன்னோருக்குத் தெரியும். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருஷம் பயின்று பன்னிரண்டு வயதில் மேடை ஏறினாள் என்று வருகிறது. அந்தப் பகுதியில் மாதவியைப் பற்றி மட்டும் இளங்கோவடிகள் சொல்லவில்லை. ஆடல் ஆசிரியருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், இசை ஆசிரியருக்கு என்ன, தண்ணுமை வாசிக்கிறவருக்கு என்ன, குழல் ஊதுகிறவருக்கு என்ன, யாழ் வாசிக்கிறவருக்கு என்ன என்று தனித்தனியாக அடுக்குகிறார். ஆசிரியரின் படிப்பு தனிப் படிப்பு என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் டௌப்ளர் என்று ஓர் உடற்பயிற்சி ஆசிரியை இருந்தார். உயிரியல் படித்தவர், பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தவர். 1916இல் நியூயார்க் நகரத்துக்கு மேற்படிப்புக்குப் போனார். கல்லூரிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தகுந்த நடனம் எது என்று பார்த்து வரும்படி அவரது மேலதிகாரி அம்மாள் சொல்லி அனுப்பினார். அங்கே பார்த்ததில் பாதி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் ஆடிக் காட்ட, பிள்ளைகள் அப்படியே பார்த்து ஆடுகிற முறை சரியில்லை என்று பட்டது. ஊர் திரும்பியதும் வகுப்பறைக்கு ஓர் எலும்புக்கூட்டைக் கொண்டு வந்து வைத்து, எந்த மூட்டு எப்படித் திரும்பும் என்று சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளே தங்கள் உடம்பைப் புரிந்துகொள்ள வைத்தார். அவர் முயற்சியால் 1926இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் நடனத்துக்கு என்றே ஒரு பட்டப்படிப்பு வந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். ஒரு பெண் பெரிய ஊருக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்ததால், பின்னால் வந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் படிப்பு கிடைத்தது.

நம் பக்கத்து முதுகலையில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்றும் கேட்டோம். கையில் தாளம் பிடித்து, சொல்லுக்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிற நட்டுவாங்கம். ஏழு தாளம், ஐந்து ஜாதி, ஆக முப்பத்தைந்து தாளக் கணக்கு. முகத்தாலும் கையாலும் பொருள் சொல்கிற அபிநயம். நாட்டிய சாஸ்திரம், அபிநய தர்ப்பணம், சிலப்பதிகாரம். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற கச்சேரி வரிசையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வர் பற்றிய பாடம். சொந்தமாக ஒரு நடனம் அமைப்பது, ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுவது.

இது எல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். அரைமண்டி என்று ஒன்று இருக்கிறது. முழங்காலை இரண்டு பக்கமும் விரித்து மடக்கிப் பாதி உட்காருகிற நிலை. பரதத்துக்கு அதுதான் அஸ்திவாரம். இடுப்பில் இருந்து கால் திரும்பணும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பினால் பாரம் முழங்காலில் இறங்கும். வெறும் சிமெண்டுத் தரையில் வருஷக்கணக்கில் ஓங்கித் தட்டினால் மூட்டு என்ன ஆகும்? ஆறு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் சொல்லிக் கொடுக்கலாம்? முறையாகப் படித்த ஆசிரியைக்குத் தெரியும். நாலு பாட்டு ஆடத் தெரிந்தவுடன் போர்டு மாட்டுகிறவருக்குத் தெரியாது. நம் பேரப்பிள்ளைகளின் கால் யார் கையில் இருக்கணும் என்று நாமே சொல்லலாம்.

படிக்கிற வழி எது? வேலை என்ன?

சின்ன வயசில் இருந்தே சொல்கிறோம், மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும். திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பரதம், பாட்டு, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்று வருஷப் படிப்பு. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். கட்டணம் மிகக் குறைவு. அடுத்த படி அரசு இசைக்கல்லூரி. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நாலு ஊரில் இருக்கிறது. நமக்குக் கிட்ட மதுரை. இந்தக் கல்லூரிகள் 2013இல் சென்னையில் தொடங்கிய தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களிலும் பரதத்தில் பட்டப்படிப்பு உண்டு. சென்னை ஒன்றுதான் வழி என்று இல்லை. எந்த ஊரில் செலவு குறையும் என்று பார்த்தும் விண்ணப்பிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கையில் கிடைப்பது பட்டமா, டிப்ளமோவா, வெறும் சான்றிதழா என்று சேருவதற்கு முன்னாலேயே கேளுங்கள். கலையை ஆழமாகக் கற்க டிப்ளமோ படிப்புகளும் நல்லதுதான். ஆனால் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் பல்கலைக்கழக முதுகலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். அதோடு நெட் அல்லது செட் தேர்வில் தேற வேண்டும். நெட் தேர்வில் நிகழ்த்துகலை என்று நடனத்துக்கும் நாடகத்துக்கும் சேர்த்து ஒரு பாடம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் பேர் இல்லாத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். பணத்துக்கு "டாக்டர் பட்டம்" தருகிறேன் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேலை உறுதியா என்று கேட்டால், உறுதி என்று பொய் சொல்ல மாட்டோம். கல்லூரி வேலை குறைவு, போட்டி அதிகம். தனியார் பள்ளிகளில் நடன ஆசிரியை எடுக்கிறார்கள். சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். பிள்ளைகளைத் தயார் செய்யத் தெரிந்த ஆள் வேணும். சொந்தமாக வகுப்பு நடத்தலாம். கணக்குக்காகச் சொல்கிறோம்: முப்பது பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 400 ரூபாய் என்றால் 12,000 ரூபாய். அதில் இடத்து வாடகை, கரண்டு பில் போகும். பெரிய பணம் இல்லை. ஆனால் மேடையில் ஆடுகிற காலம் முழங்கால் ஒத்துழைக்கிற வரைதான். சொல்லிக் கொடுக்கிற காலம் கண்ணும் காதும் நாக்கும் இருக்கிற வரை. நம் கைத்தொழில்களில் எத்தனைக்கு அந்த ஆயுள் இருக்கிறது?

பணத்துக்கு என்ன வழி?

முதலில் கணக்குப் போடணும். கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, நடனப் புடவை, சலங்கை, புத்தகம், ஊருக்கு வந்து போகிற ரயில் டிக்கெட். உதாரணத்துக்கு, தங்கவும் சாப்பிடவும் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தால்கூட 24 மாதத்துக்கு 1,68,000 ரூபாய் ஆகிவிடும். நம் குழுச் சேமிப்பில் இதைத் தாங்க முடியாது. தாங்கவும் வேண்டாம்.

இந்தத் தொகைக்கு நுண்நிதி நிறுவனங்களில் வாரக் கடன் வாங்குகிறதும், கந்துவட்டிக்குப் போகிறதும் கூடவே கூடாது. ஏன் என்றால் படிப்பு வருமானம் தர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். வாரக் கடனுக்கு அடுத்த வாரமே தவணை கட்டணும். வங்கிக் கல்விக்கடன் அப்படி இல்லை. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது. படிக்கிற காலமும், அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதை மறக்கக்கூடாது. முடிந்தபோது வட்டியை மட்டுமாவது கட்டி வந்தால் பின்னால் பாரம் குறையும்.

உதவித்தொகைகளையும் பாருங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை பள்ளியில் இருந்து கல்லூரி வரை கல்வி உதவித்தொகை தருகிறது. தாயாரிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கணும். ஆன்லைனில் குறித்த தேதிக்குள் விண்ணப்பிக்கணும். அட்டை இல்லாத அக்காமார் இந்த மாதமே எடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆனதால் இதுக்காகத் திருநெல்வேலிக்கு அலைய வேண்டியதில்லை. முறையாகக் குருவிடம் பயின்ற 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகத்தின் உதவித்தொகை ஒன்று உண்டு. தேர்வானால் இரண்டு வருஷம் மாதம் 5,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் முதல் பட்டம் வரைக்கும்தான். முதுகலைக்கு அதை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

பாதுகாப்பு, கல்யாணம்

தூரம் ஒரு பெரிய விஷயம் இல்லை. பொதிகை எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் விடியக்காலை சென்னை. பயம் அங்கே போய் என்ன நடக்குமோ என்றுதான்.

மூடி மறைக்காமல் பேசுவோம். 2023 மார்ச் மாதம் கலாக்ஷேத்திராவில் படித்த மாணவியர் பாலியல் தொல்லை நடப்பதாகப் புகார் சொல்லி, வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். ஏப்ரலில் ஓர் ஆசிரியர் கைதானார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பேர் பெற்ற இடத்திலேயே இப்படி ஒரு பிரச்சினை வந்தது என்று கேட்டுப் பயப்படுவது இயல்பு. ஆனால் அந்தப் பிள்ளைகள் படிப்பை விட்டு ஓடவில்லை, கூட்டாக நின்று பேசினார்கள் என்பதையும் பாருங்கள்.

நடன வகுப்பில் ஆசிரியர் கிட்ட வந்து கை, கால், தோள் நிலையைத் திருத்துவார். எது திருத்தம், எது அத்துமீறல் என்று பிள்ளைக்குப் புரியும்படி தாயார் பேசி அனுப்ப வேண்டும். "தொடாமல் சொல்லுங்க" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. 2013ஆம் வருஷச் சட்டப்படி கல்லூரிகளில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாகணும். சேருகிற அன்றே அதன் உறுப்பினர் யார், எப்படிப் புகார் கொடுப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் உதவி எண் 181. எல்லாத்துக்கும் மேல், பிள்ளை போனில் ஏதாவது சொன்னால் "நீ ஏன் அங்கே போன?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அடுத்த தடவை சொல்லவே மாட்டாள்.

கல்யாணம் பற்றி. இரண்டு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ருக்மிணி தேவி கல்யாணம் ஆன பிறகுதான் பரதம் கற்றுக்கொண்டார். முதல் முதலாக மேடை ஏறியபோது அவருக்கு வயது 31. கையில் தொழில் இருக்கிற பிள்ளைக்கு வரன் வராது என்று பயப்படுகிறதை விட, தொழில் இல்லாமல் அனுப்பிவிட்டுப் பின்னால் அவள் நம் வாசலில் வந்து நிற்கிற நாளை நினைத்துப் பயப்படுவோம். அந்தக் கதைகள் நம் குழுக்களில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் பரிந்துரை

ஒன்று: கல்விக்காக வரும் மனுவை, அது எந்தப் படிப்பாக இருந்தாலும், கேலி பேசாமல் மாட்டுக்கடன் மனுவைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். மாடு வாங்க வந்தால் பல்லைப் பார்க்கிறோம், பால் எத்தனை லிட்டர் என்று கேட்கிறோம். இங்கேயும் பட்டம் அங்கீகாரம் பெற்றதா, செலவு எவ்வளவு, திருப்பிக் கட்டுகிற வழி என்ன என்று கேட்போம்.

இரண்டு: குழுவின் உள்கடன் விண்ணப்பக் கட்டணம், ரயில் செலவு, விடுதி முன்பணம், முதல் மாதச் சாப்பாடு ஆகியவற்றுக்கு மட்டும். பெரிய தொகைக்கு வங்கிக் கல்விக்கடன். வங்கிக்குத் தாயாரோடு ஊக்குநரும் பிரதிநிதியும் கூடப் போக வேண்டும். தனியாகப் போகிறவரை நாளைக்கு வா என்பார்கள். மூன்று பேராகப் போனால் உட்காரச் சொல்வார்கள்.

மூன்று: சேருகிற அன்று தாயாரோடு நம் உறுப்பினர் ஒருவர் சென்னை வரை போய், கல்லூரியையும் விடுதியையும் நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும். பயணச் செலவைக் கூட்டமைப்பு ஏற்கட்டும்.

நான்கு: கூட்டமைப்பின் உதவி பெற்றுப் படிக்கிற எந்தப் பிள்ளையும் கோடை விடுமுறையில் பதினைந்து நாள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாக வகுப்பு எடுக்க வேண்டும். கட்டாயத்துக்காக இதைக் கேட்கவில்லை. படித்ததைச் சொல்லிக் கொடுத்துப் பார்ப்பதுதான் ஆசிரியைக்குப் பயிற்சி. நம் பிள்ளைகளும் குற்றாலக் குறவஞ்சியைக் குற்றாலத்திலேயே கற்றுக்கொள்ளட்டும்.

ஐந்து: ஆட்டமோ பாட்டோ ஓவியமோ தெரிந்த பிள்ளைகள் உங்கள் பகுதியில் எத்தனை பேர், என்ன படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே வழி தெரிந்தால், பட்டம் முடித்த பிறகு திண்டாட வேண்டியதில்லை.

இந்த ஐந்தையும் உங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத ஆச்சிமாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் கருத்தையும் கேளுங்கள். ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொண்டோம் என்றும், ஒப்பாததை ஏன் ஒப்பவில்லை என்றும் தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த பொதுக்குழுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கும் வங்கிக்கும் கடைசித் தேதி உண்டு. நம் நோட்டுக்காக அது காத்திருக்காது.